பதக்கம் வந்தது, கூட்டம் வந்தது. ஒன்றரை வருஷத்தில் கூட்டம் எங்கே போச்சு?

மலைக்கோட்டை_அப்பா (இழையைத் தொடங்கியவர்)

2024 ஆகஸ்ட் முதல் வாரத்தில் என் மகளை ஏர் பிஸ்டல் வகுப்பில் சேர்த்தேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் இரண்டு வெண்கலமும் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு ரேஞ்ச் வாசலில் செருப்பு விட இடம் இல்லை. பத்து லேன், முப்பதுக்கு மேல் பிள்ளைகள். ஒருவர் பத்து ஷாட் சுட்டதும் நகர்ந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும். அப்பா அம்மாக்கள் எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்றவர் "2032 ஒலிம்பிக்ல என் பையன் வயசு சரியா இருக்கும் சார்" என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

போன சனிக்கிழமை போனால் நாலு லேனுக்கு விளக்கே போடவில்லை. மகளையும் சேர்த்து ஒன்பது பேர். 2032 கணக்குப் போட்டவரின் பையன் இப்போது கீபோர்டு வகுப்புக்குப் போகிறானாம்.

அதே தெருமுனையில் தகரக் கொட்டகை போட்ட பேட்மிண்டன் கோர்ட் ஒன்று இருக்கிறது. அங்கே காலை ஆறு மணி ஸ்லாட் வேண்டுமென்றால் யாராவது ஊரைக் காலி செய்துகொண்டு போனால்தான் உண்டு. அந்தக் கூட்டம் எந்தப் பதக்கத்தையும் பார்த்து வந்ததில்லை. பதக்கத்தைப் பார்த்து வந்த கூட்டம்தான் கரைந்துவிட்டது. உங்கள் ஊர்களில் எப்படி?

---

ஷட்டில்_ராஜி

கோவை. ஏழு வருஷமாக வாரம் நாலு நாள் ஆடுகிறேன். காரணம் ரொம்ப சிம்பிள் சார். மோசமாக ஆடினாலும் பேட்மிண்டன் சந்தோஷமாக இருக்கும். எங்கள் செட்டில் நாலு பேருக்கும் சேர்த்து உருப்படியான பேக்ஹேண்ட் ஒன்று கிடையாது. ஆனாலும் ஒருநாள் போகாவிட்டால் வாட்ஸ்அப்பில் திட்டு விழும். முடிந்ததும் வாசலில் ஒரு டீ. ஆட்டத்தைவிட அந்த டீக்கு வருகிறவர்கள் உண்டு.

"எப்போ ஸ்டேட் ஆடப் போறே?" என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. உங்கள் மகளை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, எங்கள் கொட்டகையில் நாலு கோர்ட்டில் இரண்டைப் பிளாஸ்டிக் பந்தில் ஆடுகிற பிக்கிள்பாலுக்கு மாற்றிவிட்டார்கள். இறகு ஷட்டில் விலை ஏறிய ஏற்றத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் தாவியாச்சு. கூட்டம் இங்கேயும் நிலையாக நிற்பதில்லை, பக்கத்துக் கோர்ட்டுக்கு நகர்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

---

பழைய_என்சிசி

எனக்கு 63 வயது. இந்த மாதிரி அலையை நாலாவது முறையாகப் பார்க்கிறேன்.

எங்கள் காலத்தில் துப்பாக்கியைத் தொட இரண்டே வழி. ஒன்று மெரினாவில் பலூன் சுடுவது. அந்தத் துப்பாக்கியின் குழல் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரியும். சிவப்புப் பலூனைக் குறிவைத்தால் பக்கத்துப் பச்சை வெடிக்கும், நாமும் பச்சையைத்தான் குறிவைத்தோம் என்று சொல்லிக்கொள்வோம். இன்னொன்று என்சிசி கேம்ப். பாயிண்ட் 22 ரைபிள், தரையில் படுத்துக்கொண்டு ஐந்து ரவுண்டு. எனக்கு ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன, ஆனால் வட்டத்துக்கு வெளியே. "குரூப்பிங் நல்லா இருக்கு, இடம்தான் தப்பு" என்றார் ஹவில்தார். வேலையில் சேர்ந்த பிறகு எத்தனையோ மீட்டிங்கில் அந்த வரி ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

மற்றபடி இது மாளிகைக்காரர்களும் போலீஸும் ராணுவமும் ஆடிய ஆட்டம். தேசிய ரைபிள் சங்கம் தொடங்கியது 1951ல். ஊர்ப் பிள்ளைகள் வாசலுக்கு வந்தது 2004ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ரத்தோர் வெள்ளி வாங்கிய பிறகுதான். அடுத்து 2008, பெய்ஜிங்கில் பிந்த்ரா தங்கம். கடைசி ஷாட் 10.8. அது தனிநபராக இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம். அடுத்து 2012, லண்டனில் விஜய் குமார் வெள்ளி, ககன் நரங் வெண்கலம். அப்புறம் ரியோவில் ஒன்றும் இல்லை, டோக்கியோவில் 15 பேர் போயும் ஒன்றும் இல்லை. அந்த ஒன்பது வருஷமும் ரேஞ்சுகளில் தூசு படிந்திருக்கும் என்று நினைத்தால் அதுதான் தப்பு.

ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து யாரும் காவிரியின் அளவைச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு எவ்வளவு வண்டல் நின்றது என்று பாருங்கள். நரங் 2011ல் தொடங்கிய அகாடமியில்தான் நம் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உருவானார். அலையில் வந்த நூறு பேரில் நாலு பேர் தங்கினால் போதும். உங்கள் ஒன்பது பேர் நல்ல எண்ணிக்கை அப்பா.

---

லேன்_7

என்சிசி ஐயா சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். வடிந்தது ஆர்வம் இல்லை, பணம். நான் ஒரு ரேஞ்சில் பயிற்சிக்கு உதவியாக இருக்கிறேன், நேரில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் கிளப் பிஸ்டல். நாலு பேருக்கு ஒன்று. ஒரு பிள்ளையின் கைக்குப் பிடி பெரிது, இன்னொன்றுக்குச் சின்னது. ஸ்கோர் கொஞ்சம் ஏறியதும் கோச் "சொந்தமாக ஒன்று வாங்கினால் நல்லது" என்பார். அந்த வாக்கியத்தோடு பாதிப் பேர் காணாமல் போவார்கள். போட்டித் தரத்தில் வெளிநாட்டு பிஸ்டல் என்றால் லட்சங்களில் பேச வேண்டும். இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. ரைபிள் என்றால் அதோடு கான்வாஸ் ஜாக்கெட், பேண்ட், ஷூ. அப்புறம் தினமும் நூறு பெல்லட், அதாவது ஏர் கன்னில் போடுகிற ஈயக் குண்டு.

செகண்ட் ஹேண்டாக வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். காற்றுச் சிலிண்டர் மேல் தேதி பொறித்திருக்கும், பத்து வருஷம்தான் ஆயுள். சிலிண்டர் பளபளவென்று இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். என் நண்பர் ஒருவர் நல்ல விலைக்குக் கிடைத்ததென்று வாங்கி வந்தார். துப்பாக்கி அருமை. சிலிண்டருக்கு இன்னும் ஐந்து மாதம்தான் பாக்கி. புது சிலிண்டர் விலையைச் சேர்த்தால் லாபம் போயே போச்சு. 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கிற விஷயம், விளையாட்டில்லை.

சட்டத்தைப் பற்றியும் பயம் இருக்கிறது. 4.5 மி.மீ. குழல், சுடும் சக்தி 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் கன் என்றால் உரிமம் வேண்டாம், 2016 ஆயுத விதிகளிலேயே இருக்கிறது. பாயிண்ட் 22க்குப் போனால்தான் உரிமம், கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை எல்லாம். ஷாட்கன் இன்னொரு உலகம். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆடுகிற டிராப்பில் பறக்கிற தட்டைச் சுட வேண்டும், தகுதிச் சுற்றுக்கு மட்டும் 125 தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். பயிற்சிக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்குப் பெருக்கப் பயம்.

---

பத்து_புள்ளி_ஒன்பது

நான் அந்த "காணாமல் போன" லிஸ்டில் இருந்த ஆள். ரைபிள். எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன், பதினொன்றாம் வகுப்பில் விட்டேன். இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம், ஆறு மாதமாகத் திரும்பப் போகிறேன். இங்கே எல்லோரும் வெளியிலிருந்து பேசுகிறீர்கள், உள்ளேயிருந்து ஒன்று சொல்கிறேன்.

10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனா முனை வைத்தால் மறைந்துவிடும். பெல்லட்டே 4.5 மி.மீ. அந்தப் புள்ளியின் நட்டநடுவில் விழுந்தால் 10.9. 60 ஷாட், 75 நிமிடம். ஜாக்கெட் பட்டனைப் போட்டதும் உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், அப்போது பார்த்தால் நம் நாடித்துடிப்பு குறிபார்க்கிற சைட்டில் தெரியும். வட்டம் மெதுவாகத் துள்ளும். இரண்டு துடிப்புக்கு நடுவில் ஒரு அமைதி வரும், விரல் அங்கே போக வேண்டும். போ என்று நினைத்தால் போகாது. எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையில் அது மட்டும்தான் பிடித்திருந்தது.

பிளஸ் ஒன்னில் நீட் கோச்சிங் காலை ஐந்தரைக்கு. ரேஞ்ச் திறப்பது ஆறரைக்கு. வீட்டில் யாரும் "விடு" என்று சொல்லவில்லை. ரைபிள் பெட்டி முதலில் ஹாலில் இருந்தது, பிறகு மாடிப்படிக்குக் கீழே போனது, பிறகு அதன் மேல் இஸ்திரிக்குப் போகிற துணி வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் நீட்டுக்கு முன்பே மனசு விட்டுப்போயிருந்தது. தேசியப் போட்டிக்குத் தகுதி பெற ஆடுகிற மாவலங்கர் போட்டியில் தகுதி மதிப்பெண்ணுக்கு மிகக் கொஞ்சத்தில் தவறினேன். அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு. மூன்று மாமாக்கள், ஒரே கேள்வி: "ஒலிம்பிக் எப்போம்மா?" பரதநாட்டியம் கற்கிற என் தங்கையை யாரும் அமெரிக்கா சபாவில் எப்போது ஆடுவாய் என்று கேட்பதில்லை. அரங்கேற்றம் முடிந்தாலே போதும் அவளுக்கு.

ராஜி அக்கா சொன்ன டீ எங்களுக்குக் கிடையாது. ரேஞ்சில் பேசக் கூடாது, சுட்டு முடித்ததும் ஆளாளுக்கு டியூஷன்.

---

மலைக்கோட்டை_அப்பா

அம்மா, இஸ்திரித் துணி என்று படித்ததும் எழுந்து போய் எங்கள் வீட்டில் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன்.

---

வில்லிவாக்கம்_வாசு

எல்லாம் சரி. பத்து வயதுக் குழந்தை கையில் எதற்குத் துப்பாக்கி? கூட்டம் குறைந்தால் நல்லதுதானே. கபடி இருக்கிறது, சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியாவில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள், அதற்கு எத்தனை அப்பாக்கள் பிள்ளையைச் சேர்த்தீர்கள்?

---

லேன்_7

வாசு சார், சிலம்பத்துக் கம்பால் மண்டை உடையும். ஒரு ரேஞ்சில் சும்மா ஒரு மணி நேரம் வந்து உட்காருங்கள். சுடாத நேரத்தில், உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டுகிற கலர் கயிறு குழலில் தெரியாவிட்டால் கத்துவோம். துப்பாக்கி முனை டார்கெட் பக்கம் தவிர வேறு எங்கே திரும்பினாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி கிடையாது. விளையாட்டாகத் துப்பாக்கியை நீட்டுகிற புத்தி இங்கே வந்தால்தான் போகும்.

---

வில்லிவாக்கம்_வாசு

கம்பால் மண்டை உடையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி பாதுகாப்பைப் பற்றி இல்லை, மனசைப் பற்றி.

---

சூரிச்_சிவா

வாசு அண்ணை கேட்ட மனசுக் கேள்விக்கு நான் கொஞ்சம் எழுத வேண்டும். நான் யாழ்ப்பாணம், 1990ல் வெளிக்கிட்ட ஆள். எங்கள் வீட்டில் "துவக்கு" என்ற சொல்லைக்கூடச் சத்தமாகச் சொல்வதில்லை. பிள்ளைக்கு விளையாட்டுத் துவக்குக்கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

இங்கே சூரிச்சில் ஒவ்வொரு செப்டம்பரும் க்னாபன்ஷீசன் என்று ஒரு திருவிழா. பெயருக்கு "பொடியன்கள் சுடுதல்" என்று அர்த்தம், ஆனால் 1991 முதல் பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. இந்த மாநிலத்தில் இருக்கிற 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் எவரும் போகலாம். ராணுவத்தின் ரைபிள், 300 மீட்டர் தூரம், படுத்துக்கொண்டு ஐந்து சூடு, ஆகக் கூடியது 35 புள்ளி. பக்கத்திலே ராட்டினம், தின்பண்டக் கடைகள். திங்கட்கிழமை பின்னேரம் நகரத்தில் கடைகளையும் பூட்டிவிடுவார்கள்.

என் மகளுக்கு 14 வயதில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் போகினம், தானும் போக வேண்டும் என்றாள். நான் மாட்டேன் என்றேன். மூன்று நாள் வீட்டில் கதை இல்லை. கடைசியில் மனைவி, "அவளுக்கு அது உங்கட துவக்கு இல்லை" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் நரைத்த தலையோடு ஒருவர் படுத்திருந்து சொல்லிக் கொடுக்கிறார். முதல் சத்தம் கேட்டதும் நான் என்னையறியாமல் குனிந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற சுவிஸ்காரர் ஒன்றும் கேட்கவில்லை, தன்னுடைய காது அடைப்பானைக் கழற்றித் தந்தார்.

பிள்ளைக்கு 22 புள்ளி. சிரித்துக்கொண்டு வந்து ராட்டினத்துக்குக் காசு கேட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் சுடப் போகவில்லை, ஒருவரும் ஏன் விட்டாய் என்று கேட்கவும் இல்லை.

உங்கள் இழைக்கு இது ஏன் என்றால், இங்கே ஃபெல்ட்ஷீசன் என்று வருஷத்துக்கு ஒருதரம் ஊர் ஊராகச் சுடுவார்கள், ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் வருவார்கள். தாத்தாவும் பேத்தியும் ஒரே வரிசையில். அதில் ஒலிம்பிக்குக்குப் போகிறவரைத் தேடினால் விரல் விட்டு எண்ணலாம். ஆனால் இங்கேயும் எங்கள் ஊர்ச் சுடும் கழகத்தில் தலை நரைத்த ஆட்கள்தான் கூட. இளம் பிள்ளைகள் வந்து தங்குவது குறைவு. அந்தக் கவலை உங்களுக்கு மட்டும் இல்லை.

---

வில்லிவாக்கம்_வாசு

சிவா அண்ணா, நான் வீம்புக்குக் கேட்டேன். மன்னிக்க.

---

சூரிச்_சிவா

ஐயோ அண்ணை, கேட்டது நல்லது. 30 வருஷமாக மகளிடம்கூடச் சொல்லாததை இங்கே எழுதினேன்.

---

சேலம்_ஸ்கோர்கார்டு

காமன்வெல்த்தை யாரும் சொல்லவில்லையே. 2022 பர்மிங்காமில் துப்பாக்கி சுடுதலை எடுத்தார்கள், 2026 கிளாஸ்கோவிலும் இல்லை. நமக்குப் பதக்கம் கொட்டுகிற இடமே அதுதான். ஆட்டமே பட்டியலில் இல்லாதபோது ஸ்பான்சர் எங்கிருந்து வருவார்? அப்பாக்கள் கூட்டம் குறைவதில் ஆச்சரியம் இல்லை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா சுடுதலில் மட்டும் 22 பதக்கம், அதில் 7 தங்கம். தெருவில் பத்துப் பேரைக் கேளுங்கள், ஒருவருக்குத் தெரியாது.

---

ஷட்டில்_ராஜி

கிளாஸ்கோவில் பேட்மிண்டனும்தான் இல்லை தம்பி. எங்கள் கோர்ட்டில் ஒருத்தருக்கும் அது தெரியாது, தெரிந்தாலும் ஆறு மணி ஸ்லாட்டை விட மாட்டார்கள்.

---

சேலம்_ஸ்கோர்கார்டு

சரி, அதற்குப் பதில் இல்லை என்னிடம்.

---

உறையூர்_மணி

2022 ஜூலையை மறந்துவிட்டீர்களே! மாநிலப் போட்டிக்கு அஜித் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்த நாள். ரோடு முழுக்க ஜனம், மாடியில் நின்று கை காட்டிய பிறகுதான் கொஞ்சம் கலைந்தது. நானும் போனேன், அவரைப் பார்க்கத்தான், பொய் சொல்ல மாட்டேன். வந்தவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும்? அவர் நாலு தங்கம், இரண்டு வெண்கலம் வாங்கினார். ஐம்பதைத் தாண்டிய மனுஷர், பிழைப்பு வேறு. ஆசைக்காக வந்து வரிசையில் நின்று சுட்டுவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது "நமக்கும் 45 ஆச்சே, நாமும் ஒரு கை பார்ப்போமே" என்று தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. விசில் அடித்துவிட்டு வந்தேன்.

---

லேன்_7

மணி அண்ணே, சரியான இடத்தைத் தொட்டீர்கள். எங்களிடம் பெரியவர்களுக்கு வகுப்பே இல்லை. யாராவது வந்து கேட்டால் "குழந்தைக்கா சார்?" என்போம். தனக்கு என்று சொன்னால் எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். போட்டிகளில் வயது மூத்தோர் பிரிவு தனியாகவே உண்டு, ஆள்தான் வருவதில்லை. ஏர் பிஸ்டலுக்கு முட்டி வலி ஒரு தடையே இல்லை. டிரிகருக்கு அரை கிலோ இழுவை, நின்று ஒரு கையால் பிடிக்கத் தெரிந்தால் போதும். போட்டிக்கு முன்னால் அந்த அரை கிலோ எடைக்கல்லை டிரிகரில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விழாமல் நின்றால் பாஸ். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள், ரிசல்ட் வருகிற மாதிரி.

---

பழைய_என்சிசி

வண்டல் என்று பெரிதாகப் பேசினேன். நாற்பது வருஷம் ஆச்சு நான் சுட்டு. என் பெயரே இந்தத் தளத்தில் பழைய என்சிசி. ரேஞ்ச் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்.

---

பத்து_புள்ளி_ஒன்பது

ஐயா, ஏர் ரைபிளுக்கும் வாங்க. படுக்க வேண்டாம், நின்றேதான். முதல் நாள் ஸ்கோரை யாரிடமும் சொல்ல மாட்டோம்.

---

மலைக்கோட்டை_அப்பா

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த இழையை மகளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நீங்க ஒன்றரை வருஷமா கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிக்கிறீங்கப்பா" என்றாள். கோச்சிடம் கேட்டேன், காலி லேன்தானே, சுடுங்கள் என்றார்.

வெறும் கையால் கப் டீ தூக்குகிற மாதிரிதான் இருக்கும் என்று நினைத்தேன். கையை நீட்டிப் பத்து விநாடியில் முன் சைட் பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. பத்து ஷாட். ஒரு எட்டு, இரண்டு ஆறு, மற்றதெல்லாம் சொல்வதற்கில்லை, ஒன்று பேப்பரிலேயே இல்லை. மகள் பின்னால் நின்று, நான் இத்தனை நாள் அவளிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாள்: "அவசரப்படாதீங்க, இன்னும் டைம் இருக்கு."

இன்று காலை தோள் வலிக்கிறது, அயோடெக்ஸ் போட்டிருக்கிறேன். கோச் ஞாயிறு எட்டு மணிக்குப் பெரியவர்களுக்கு இரண்டு லேன் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கிளப் பிஸ்டல்தான். என்சிசி ஐயா எந்த ஊர் என்று தெரியவில்லை. திருச்சிப் பக்கம் என்றால் தனி மடலில் சொல்லுங்கள். மணி, உறையூரிலிருந்து உனக்குப் பத்து நிமிடம், சாக்கு சொல்லாதே. முடிந்ததும் வாசலில் டீ என் கணக்கு.

---

உறையூர்_மணி

டீ சரி அண்ணே. எட்டு மணிக்கு எழுந்திருக்கணுமா, இல்ல எட்டு மணிக்கு அங்க இருக்கணுமா?